செப்புப் பூச்சிமருந்து என்று ஒன்று இல்லை

“முந்திரிகைக்கு (திராட்சைக் கொடிக்கு) அடிக்கிற செப்புப் பூச்சிமருந்து இருக்கோ?” யாழ்ப்பாணத்து மருந்துக் கடைகளில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இப்போது துண்டுப்பிரசுரங்களிலும் அப்படியே அச்சடிக்கிறார்கள். பூச்சி வேறு, பூஞ்சணம் வேறு; செப்பு பூஞ்சணத்துக்கு அடிக்கிற மருந்து. புழு அரித்த இலைக்குச் செப்பு அடித்துவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று குறைப்பட வைப்பது இந்தப் பெயர்தான்.

செந்நிறத்தால் செம்பு. இன்னொரு சொல்லோடு சேரும்போது செப்பு: செப்புக்குடம், செப்புத்தகடு. செப்புச் சல்பேற்றுக்கு நாட்டு வைத்தியத்தில் துருசு, மயில்துத்தம் என்ற பெயர்கள் எப்போதோ உண்டு. சரி, சிக்கல் அதில் இல்லை.

சிக்கல் ‘பங்கசுநாசினி’. பூஞ்சணத்துக்கு அடிக்கும் மருந்துக்கு வைத்த இந்தப் பெயர் நம் பாடநூல்கள் வளர்த்த பிள்ளை. முன்பாதி இலத்தீன், பின்பாதி வடமொழி, தமிழுக்கு இடமே இல்லை. பாண் பழுதானால் ‘பூஞ்சணம் பிடிச்சிட்டுது’ என்போம். ‘பங்கசு பிடிச்சிட்டுது’ என்று எந்த வீட்டில் சொல்கிறார்கள்? காளான், நொதியம் எல்லாவற்றையும் அடக்க ‘பங்கசு’தான் துல்லியம் என்பார்கள். அந்தத் துல்லியமும் இங்கே நிற்காது. 1885இல் பிரான்சின் போர்டோவில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் துருசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவையைப் பரிந்துரைத்தது முந்திரிகையின் அடிச்சாம்பல் நோய்க்கு. அந்த நோயை உண்டாக்கும் கிருமியை இன்றைய விஞ்ஞானம் உண்மைப் பூஞ்சணமாகவே கணக்கெடுப்பதில்லை! போர்டோக் கலவைக்கே பொருந்தாத துல்லியத்தைத் தோட்டக்காரர் தலையில் ஏன் கட்டவேண்டும்? விஞ்ஞான வகுப்பில் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

தமிழ்நாட்டார் எழுதும் ‘பூஞ்சைக்கொல்லி’ எவ்வளவோ மேல். ஆனாலும் செப்பைப் பொறுத்தவரை ‘கொல்லி’ கொஞ்சம் கூடுதலான வாக்குறுதி. செப்பு இலையின் மேல் படலமாக நின்று, முளைக்க வரும் பூஞ்சண வித்துகளைத்தான் அழிக்கும்; இலைக்குள் புகுந்துவிட்ட நோயை அதனால் எட்டிப் பிடிக்க முடியாது. எனவே என் வாக்கு ‘செப்புப் பூஞ்சணத் தடுப்பு’க்கு. தடுப்பு என்று எழுதியிருந்தால் நோய் வருமுன் அடிக்கவேண்டும் என்பது பெயரிலேயே விளங்கும். பாதி இலை கருகியபின் கடைக்கு ஓடிவரத் தேவையில்லை.

மொழிபெயர்ப்பாளர்களோ இன்னொரு வழியில் போகிறார்கள்: ‘தாமிர அடிப்படையிலான பூஞ்சை எதிர்ப்புப் பொருள்’. மருந்துக்கு அடிப்படை, அத்திவாரம் எல்லாம் எதற்கு? செப்பு மருந்து என்றால் போதாதா? வெளிநாட்டுப் போத்தல்களில் புற்றரைக்கான குறிப்பும் வரும். ‘மண்ணில் திரட்சி ஏற்படக்கூடும்’ என்று அதைத் தமிழாக்கியிருந்தார் ஒருவர். என்ன திரளும், திரண்டால் என்ன ஆகும்? செப்பு உக்கிப்போகாது, அடிக்க அடிக்க மேல்மண்ணில் தங்கும், மண்புழுவுக்கு ஆகாது, அளவு மிஞ்சினால் புல்லும் கருகும். இதை எழுத எந்தக் கலைச்சொல் அகராதியும் தேவையில்லை.