அவனுக்கு அது இருக்கும் இடம் தெரியும்

டெக்சாஸில் குழந்தைகளுக்கான அவசர சிகிச்சைப் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக மருத்துவராக இருக்கிறேன். குண்டு பாய்ந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெற்றோர் முதலில் என்ன சொல்வார்கள் என்பது எனக்கு மனப்பாடம்: "அது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது, டாக்டர்."

சென்ற மாதமும் அதைக் கேட்டேன். நான்கு வயதுச் சிறுவன். சுட்டது ஆறு வயது அண்ணன். அப்பா குளியலறையில் இருந்த பத்து நிமிடத்தில், கட்டிலோர மேசை இழுப்பறையிலிருந்து துப்பாக்கியை எடுத்திருக்கிறான். சிறுவனை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. இதற்கு மேல் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

அடுத்த வாரம் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். அவர்கள் தெருவில் இந்தியர் வீடுகளாகப் பார்த்து நகை திருடிக்கொண்டு போயிருக்கிறார்கள். "கிரீன் கார்டு வந்த கையோடு ஒரு பிஸ்டல் வாங்கிவிட்டேன், அக்கா" என்றார் அந்தத் தம்பி. எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அலமாரி மேல்தட்டில், பட்டுப்புடவைகளுக்குப் பின்னால். பையனுக்கு அது இருப்பதே தெரியாது." பையனுக்கு ஏழு வயது. சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

அந்தப் பையனுக்குத் தெரியும். தீபாவளிக்குச் சுட்டு ஒளித்துவைத்த முறுக்கு டப்பா எத்தனை நாள் அவன் கண்ணில் படாமல் இருந்தது? நாற்காலியை இழுத்துப் போட்டு அடுக்கு அடுக்காக ஏறும் பிள்ளைக்குப் புடவை ஒரு தடையா? இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அலபாமாவில் 2006இல் வெளிவந்த ஆய்வில், வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டார்கள். வைத்திருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்று அடித்துச் சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள், தெரியும் என்றார்கள். பிள்ளை அதைத் தொட்டதே இல்லை என்று சொன்ன பெற்றோரில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள், எடுத்துப் பார்த்திருக்கிறோம் என்றார்கள்.

"தொடக்கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறோம்" என்பது அடுத்த பதில். சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்னதை நம்பிப் பூட்டாமல் இருக்காதீர்கள். 2001இல் வெளியான இன்னோர் ஆய்வில், 8 முதல் 12 வயதுச் சிறுவர்களை இரண்டு மூன்று பேராக ஓர் அறையில் விட்டார்கள். இழுப்பறையில் நிஜத் துப்பாக்கி, சுடாதபடி மாற்றியது. பெரும்பாலான குழுக்கள் கால் மணி நேரத்துக்குள் அதைக் கண்டுபிடித்தன. கண்டவர்களில் பெரும்பாலோர் கையில் எடுத்தார்கள்; விசையை அழுத்திய சிறுவர்களும் உண்டு. கையில் எடுத்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏற்கெனவே பாதுகாப்புப் பாடம் கேட்டவர்கள். இவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். நிஜமா பொம்மையா என்று பார்க்கிற வயது.

"சின்னக் கை, அழுத்த வராது" என்கிறார்கள். மூன்று நான்கு வயதுக் குழந்தைகளிலேயே நான்கில் ஒருவருக்குப் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளின் விசையை அழுத்தும் வலு இருக்கிறது என்று 1995இலேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். 2023 ஜனவரியில் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரில் தன் ஆசிரியையை வகுப்பறையில் சுட்ட மாணவனுக்கு வயது ஆறு. அது அவன் தாய் முறைப்படி வாங்கிய துப்பாக்கி.

இந்த நாட்டின் துப்பாக்கி விவாதம் எனக்குத் தெரியாததல்ல. ஆயுதம் வைத்திருப்பது பற்றிய அரசியலமைப்பின் 1791ஆம் ஆண்டு இரண்டாம் திருத்தம் யாருக்கு என்ன உரிமை தருகிறது என்று இன்றும் வாதாடுகிறார்கள். வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனிதரின் உரிமை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என் கருத்தைக் கேட்டால், வாங்குபவர் ஒவ்வொருவரின் பின்னணியையும் சரிபார்க்கும் சட்டம் வேண்டும், பூட்டி வைக்கச் சொல்லும் சட்டம் எல்லா மாநிலங்களிலும் வேண்டும். உரிமை பறிபோகிறது என்று இதற்கும் குரல் எழுகிறது. 2008இன் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கேலியாவே, விபத்தைத் தடுப்பதற்காகத் துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லும் சட்டங்களைத் தம் தீர்ப்பு செல்லாததாக்கவில்லை என்று அதிலேயே குறிப்பிட்டிருக்கிறார். பூட்டச் சொல்வது உரிமைக்கு எதிரி என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

மருத்துவர்களான எங்கள் வாயையும் கட்டிப் பார்த்தார்கள். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று நோயாளியைக் கேட்பதையே ஃபுளோரிடா 2011இல் ஒரு சட்டத்தால் கட்டுப்படுத்தியது. 2017இல்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 1996இல் நாடாளுமன்றம் போட்ட ஒரு நிபந்தனையால் துப்பாக்கி மரணங்களை ஆராய்வதற்கான மத்திய அரசின் நிதி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய வறண்டு கிடந்தது. 2019 இறுதியில்தான் மீண்டும் ஒதுக்கினார்கள். அதற்கடுத்த ஆண்டு, 2020இல், ஒரு வயது முதல் 19 வயது வரையுள்ளவர்களின் மரணத்துக்கு இந்த நாட்டில் முதற்காரணமாகத் துப்பாக்கி ஆகிவிட்டது. அதுவரை வாகன விபத்து முதலிடத்தில் இருந்தது.

எங்கள் டெக்சாஸிலும் சட்டம் இருக்கிறது. 17 வயது ஆகாத பிள்ளையின் கைக்கு எட்டும்படி, சுடத் தயாரான துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைப்பது குற்றம். ஆனால் அது பேசத் தொடங்குவது பிள்ளை எடுத்த பிறகு. நான் அந்தப் பெற்றோரைப் பார்க்கும் நேரத்தில் எந்தத் தண்டனையும் அவர்களுக்கு உறைக்காது.

பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டாரிடம் தனியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தொலைக்காட்சியில் வரும் பள்ளித் துப்பாக்கிச்சூடுகளைப் பார்த்து அதுதான் இங்கே பெரும்பாலான மரணம் என்று நினைக்கிறீர்கள். 2023இல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் சுமார் 46,700 பேர். அவர்களில் சுமார் 27,300 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்கள். ஹூஸ்டனில், உயிர் போகும் அளவுக்கு முயன்று பிழைத்த இளையோரிடம் கேட்டபோது, முடிவெடுத்ததற்கும் முயன்றதற்கும் இடையே ஐந்து நிமிடம்கூட இல்லை என்றவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒருவர். முயன்று பிழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. துப்பாக்கியை எடுத்தவர்களில் பிழைப்பவர்கள்தான் அரிது. மதிப்பெண் குறைந்த இரவோ, நண்பர்கள் ஒதுக்கிய இரவோ, பிள்ளைக்குத் தேவைப்படுவது அந்தச் சில நிமிடங்கள். பூட்டு அதைத் தரும். பிள்ளை சோர்ந்து, பேச்சைக் குறைத்து, அறைக்குள்ளேயே கிடந்தால் துப்பாக்கியை வீட்டிலிருந்தே அகற்றிவிடுங்கள். பெட்டகத்தின் கடவு எண் பிள்ளைக்குத் தெரியாது என்று என்னிடம் சொல்லாதீர்கள், அதுவும் அதே வாக்கியம்தான். உங்களுக்கோ பிள்ளைக்கோ உடனே பேச ஆள் வேண்டுமென்றால் 988 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

துப்பாக்கி வைத்திருப்பேன் என்று முடிவு செய்தவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. தோட்டாவை எடுத்துவிட்டு வையுங்கள். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றினால் காலி என்று நினைக்காதீர்கள். குழலின் பின்முனையில் உள்ள சேம்பரில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம், மேலே நகரும் பாகமான ஸ்லைடை இழுத்துக் கண்ணால் பாருங்கள். துப்பாக்கியை ஒரு பெட்டகத்தில் பூட்டுங்கள், தோட்டாக்களை வேறோர் இடத்தில் பூட்டுங்கள். சாவியைப் பூஜை அறையில் மாட்டாதீர்கள். கைப்பையும் கார் டேஷ்போர்டும் பெட்டகம் ஆகாது. பணம் ஒரு சாக்கே இல்லை: துப்பாக்கித் தொழில்துறையே நடத்தும் திட்டத்தின் வழியாகப் பல காவல் நிலையங்கள் துப்பாக்கிக்குள் கோத்துப் பூட்டும் கேபிள் பூட்டை இலவசமாகத் தருகின்றன. "திருடன் வந்தால் திறக்க நேரம் இருக்காதே" என்பவர்களுக்கு, விரல்ரேகையிலோ எண்ணிலோ சில நொடிகளில் திறக்கும் பெட்டி இருக்கிறது. நகைக்குப் பயமென்றால் நகையை வங்கி லாக்கரில் வையுங்கள், தம்பி.

துப்பாக்கி இல்லாத வீட்டுக்காரர்களும் ஒன்று செய்ய வேண்டும். பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் கேளுங்கள். நாய் இருக்கிறதா, நீச்சல்குளத்துக்கு வேலி இருக்கிறதா என்று கேட்கிறோமே, அதோடு சேர்த்து, "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும். என் மகளின் வகுப்புத் தோழி வீட்டில் முதன்முறை கேட்டபோது எனக்கும் தொண்டை அடைத்தது. அந்த அம்மா சட்டென்று பதில் சொன்னார்: "இரண்டு இருக்கின்றன. பெட்டகத்தில். திறக்கும் எண் என் கணவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்." பிறகு அவர் என்னைக் கேட்டார், உங்கள் வீட்டில்?