கடைமடையில் ஏறும் உப்பு

நிலத்தடி நீரைச் சோதிக்கும் வேலையாக நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக் கிராமங்களுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். ஒரு கோடையில், குழாய்க் கிணற்று மோட்டாரைப் போட்டவுடன் பிடித்த தண்ணீரில், உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டர் 1.8 (அலகு: டெசிசீமன்ஸ்/மீட்டர்) என்று காட்டியது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பிடித்தபோது 4-ஐத் தாண்டிவிட்டது. கிணற்றுக்காரர் மீட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "காலையில குடிக்கலாம் சார், மத்தியானம் மாட்டுக்கே ஆகாது" என்றார்.

அவர் சொன்னதற்குள் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. கடலோர மணலுக்கடியில் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்குமேல் நல்ல தண்ணீர் 1 மீட்டர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நீரியலில் பழைய கணக்கு. மேலே ஒரு முழம் இறங்கினால் கீழே பனைமர உயரத்துக்கு உப்பு ஏறிவரும் என்று நான் விவசாயிகளிடம் சொல்வதுண்டு.

இந்தச் சமநிலையைப் பல பக்கத்திலிருந்தும் அசைக்கிறார்கள், அவர்களில் பலர் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. உலகக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. அதில் 2006-க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் வேகம். அதே நேரத்தில் காவிரி டெல்டாவை மேடாக்கிவந்த வண்டல், 1934-இல் கட்டிய மேட்டூர் அணையிலும் அதற்கு மேலுள்ள அணைகளிலும் தங்கிவிடுகிறது. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டில் எல்லோரும் குழாய்க் கிணற்றைத்தான் நம்புகிறார்கள்.

இறால் குட்டைகள் தனிக் கதை. 1996 டிசம்பரில், காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், பாரம்பரிய முறையைத் தவிர்த்த இறால் பண்ணைகள் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் கூடாதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-இல் வந்த சட்டம் பதிவுபெற்று நடத்த வழி திறந்தது. 2009-இல் வனாமி என்ற வெளிநாட்டு இறால் வகைக்கு அனுமதி கிடைத்தபின் அமெரிக்கச் சந்தையின் விலைதான் இங்கே நிலக் குத்தகையின் விலையையும் தீர்மானிக்கிறது. குத்தகைப் பணம் நிலத்துக்காரருக்குப் போகிறது. நடவுக்கும் களைக்கும் போய்வந்த பெண்களுக்குக் குட்டையில் வேலை இல்லை. குட்டையிலிருந்து கசிந்து வரும் உப்போ, குத்தகைக்கு விடாத பக்கத்து வயலில் வெள்ளையாய்ப் பூக்கிறது. மண்ணின் உவர் அளவு அதே அலகில் 3-ஐத் தாண்டினாலே நெல் மகசூல் குறையத் தொடங்கிவிடும். பிறகு அந்த வீட்டுப் பிள்ளை திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறான்.

ஊர்ப் பஞ்சாயத்தில் எப்போதும் குட்டைக்காரர்மேல்தான் சண்டை. அதில் நியாயம் உண்டு என்றாலும், குட்டையே இல்லாத கிராமத்திலும் மீட்டர் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே வாயால் சொல்வதைவிட எழுதிவைத்த கணக்கு உதவும். மாதம் ஒருநாள், மோட்டார் போட்டவுடனும் ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீரைச் சோதித்து, இரண்டு எண்களையும் கிணற்றின் நீர்மட்டத்தையும் ஒரு நோட்டில் குறியுங்கள். இரண்டு எண்களுக்கும் இடைவெளி பெருகுகிறதென்றால் குழாய்க் கிணற்றை இன்னும் ஆழமாக்காதீர்கள், உப்பு அங்கேதான் இருக்கிறது. மோட்டாரை இடைவெளி விட்டு, ஒவ்வொரு முறையும் குறைந்த நேரம் ஓட்டுங்கள்.