கர்ப்பிணி ஓடினால் குழந்தைக்கு ரத்தம் குறையுமா?

உடற்பயிற்சி செய்யும்போது உடல் ரத்தத்தைப் பங்கு பிரிக்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தபோது குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் தாராளமாகப் போய்க்கொண்டிருந்த ரத்தத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, வேலை செய்யும் தசைகளுக்குத் திருப்பிவிடுகிறது. இப்படிப் பங்கு குறையும் உறுப்புகளில் கருப்பையும் உண்டு. அப்படியானால் கர்ப்பிணி ஒருவர் மூச்சு வாங்க நடந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் கதி என்ன?

"அலட்டிக்காம இரும்மா" என்று பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னால் இந்தப் பயம்தான் இருக்கிறது. மருத்துவர்களுக்கும் இருந்தது. கர்ப்பிணியின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாது, கடுமையான பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று 1985-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கழகம் சொன்னது. போதுமான ஆய்வுகள் இல்லாத காலத்தில் முன்னெச்சரிக்கையாகப் போட்ட எல்லை அது. 1994-ல் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த 140 இன்னும் வாய்வழியாக உலவிக்கொண்டுதான் இருக்கிறது.

எல்லையை ஏன் எடுத்தார்கள் என்று புரிய, கர்ப்பம் முதலில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். வயிறு வெளியே தெரிவதற்கு வெகு முன்பே, முதல் சில வாரங்களிலேயே, தாயின் உடலில் ரத்தம் பெருகத் தொடங்கிவிடுகிறது. 32 வாரம் தாண்டும்போது வழக்கமான அளவைவிட 40 முதல் 50 சதவீதம் கூடுதலாக இருக்கும். இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் ரத்தமும் 30 முதல் 50 சதவீதம் உயர்கிறது. (இதில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாதான் வேகமாகக் கூடுகிறது, சிவப்பணுக்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் சற்றே இறங்கித் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.) கருவின் தேவை மிகக் கொஞ்சமாக இருக்கும்போதே இத்தனை ஏற்பாடும் ஆரம்பித்துவிடுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். நிறைமாதத்தில் கருப்பைக்கு மட்டும் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிறது. தேவைக்கு மேல் கையிருப்பு வைத்துத்தான் உடல் இந்த வேலையில் இறங்குகிறது.

சரி, பயிற்சியின்போது அந்தக் கையிருப்பு குறையத்தானே செய்யும்? குறையும். ஆனால் குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டியது ரத்தம் அல்ல, ஆக்சிஜன். அங்கேதான் உடல் ஈடுகட்டுகிறது. உழைக்கும்போது ரத்தக்குழாய்களில் இருந்து கொஞ்சம் நீர் திசுக்களுக்குள் கசிவதால் ரத்தம் சற்றே செறிவாகிறது. ஒவ்வொரு சொட்டும் வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜனைச் சுமக்கிறது. வரும் ரத்தம் குறைந்தால் அதிலிருந்து கூடுதலான பங்கு ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளப்படுகிறது. கருவின் ஹீமோகுளோபினோ பெரியவர்களுடையதைவிட ஆக்சிஜனை இறுக்கமாகப் பற்றும் வகை. ஆடுகளை வைத்து நடந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது: கருப்பைக்குள்ளேயே ரத்தம் மறுபங்கீடு ஆகிறது, கருப்பைச் சுவரின் தசைக்குப் போவது அதிகமாகக் குறைந்து, நஞ்சுக்கொடிக்குப் போவது ஓரளவு காப்பாற்றப்படுகிறது.

தாய் மிதமாகப் பயிற்சி செய்யும்போது குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 30 வரை கூடும், ஓய்வெடுத்ததும் இறங்கிவிடும். அதைத் திணறல் என்று யாரும் கருதுவதில்லை. முதல் மாதங்களில் தொடர்ந்து பயிற்சி செய்த பெண்களுக்கு நஞ்சுக்கொடி கூடுதலாக வளர்ந்திருப்பதை ஜேம்ஸ் கிளாப் என்ற அமெரிக்க மருத்துவர் தம் ஆய்வுகளில் காட்டினார். வரத்து அடிக்கடி கொஞ்சம் குறைவதை ஈடுகட்ட, ரத்தம் வாங்கும் பரப்பையே உடல் பெரிதாக்கிக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

எல்லையே கிடையாது என்று அர்த்தமில்லை. 2012-ல் நார்வே ஆய்வாளர்கள், ஒலிம்பிக் தரத்திலான ஆறு கர்ப்பிணி வீராங்கனைகளை டிரெட்மில்லில் ஓடவிட்டு, கருப்பைத் தமனியின் ரத்த ஓட்டத்தையும் குழந்தையின் துடிப்பையும் அளந்தார்கள். எல்லாரும் 23 முதல் 29 வாரக் கர்ப்பம். தங்கள் உச்சபட்ச இதயத்துடிப்பில் 90 சதவீதத்தைத் தாண்டி, கருப்பைக்கான ரத்த ஓட்டம் பாதிக்கும் கீழே போனபோது குழந்தையின் இதயம் மெதுவானது. ஓடுவதை நிறுத்தியதும் சீக்கிரமே சரியாகிவிட்டது. ஆறே பேரை வைத்துச் செய்த ஆய்வு, அதனால் ரொம்ப இழுத்துப் பொருள்கொள்ள வேண்டாம். ஆனால் கையிருப்பு எந்த இடத்தில் தீர்கிறது என்பதற்கு ஒரு அடையாளம் கிடைத்தது. அந்த 90 சதவீதம் என்பது நாக்குத் தள்ள ஓடும் ஓட்டம். வேக நடைக்கும் அதற்கும் வெகுதூரம்.

அப்புறம், எவ்வளவு வேகம் சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதில் கைக்கடிகாரம் அவ்வளவாக உதவாது. கர்ப்பத்தில் ஓய்வுநிலைத் துடிப்பே 10 முதல் 20 வரை கூடிவிடுகிறது, உச்சத் துடிப்போ அதே அளவுக்கு ஏறுவதில்லை, அதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு. ஒரே எண் ஒருவருக்குச் சாதாரணமாகவும் இன்னொருவருக்குக் கடுமையாகவும் இருக்கும். பேச்சுதான் நல்ல அளவுகோல். நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. "ஆமா", "இல்ல" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வர ஆரம்பித்தால் வேகத்தைக் குறைக்கும் நேரம். மூச்சு வாங்குவதை மட்டும் வைத்து முடிவு செய்யவும் கூடாது. புரோஜெஸ்டிரோன் என்ற கர்ப்பகால ஹார்மோன் மூளையின் சுவாச மையத்தைத் தூண்டிவிடுவதால் சும்மா இருக்கும்போதே கர்ப்பிணிகள் ஆழமாக மூச்சு விடுவார்கள். மாடிப்படி ஏறியதும் மூச்சு வாங்குவது உடல் தளர்ந்துவிட்டதன் அறிகுறி ஆகாது.

ரத்தத்துக்கு அடுத்த கவலை சூடு. குழந்தையால் வியர்க்க முடியாது. தன் உடலில் உண்டாகும் வெப்பத்தை நஞ்சுக்கொடி வழியே தாயின் ரத்தத்துக்குத்தான் அது தள்ள வேண்டும். அதனால் எப்போதும் தாயைவிட அரை டிகிரி செல்சியஸ் அளவு சூடாகவே இருக்கும். தாயின் உள்ளுடல் வெப்பம் ஏறினால் அந்த வழி அடைபடுகிறது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்வதால், ஆரம்ப நாட்களில் 39 டிகிரிக்கு மேல் போவதுதான் கவலைக்குரியது. ஆனால் 25 டிகிரி வெப்பமும் 45 சதவீத ஈரப்பதமும் உள்ள இடத்தில், 35 நிமிடம் வரை நன்றாக உழைத்த கர்ப்பிணிகளிடம்கூட வெப்பம் அந்த எல்லையைத் தொடவில்லை என்று ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று காட்டுகிறது. காய்ச்சல் இருக்கும் நாளில் பயிற்சி வேண்டாம். உச்சி வெயிலிலும், அறையைச் சூடாக்கி நடத்தும் யோகா வகுப்பிலும் வேண்டாம். தண்ணீர் தாகம் எடுக்கும் முன்பே குடிக்கவும்.

மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளை ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு விடச் சொல்வதற்குக் காரணம் எளிது. உடலின் கீழ்ப்பாதியில் இருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் பெரிய சிரை முதுகெலும்பை ஒட்டி ஓடுகிறது. கனத்த கருப்பை அதன் மேல் உட்கார்ந்தால் இதயத்துக்கு வரத்து குறைகிறது. தலை கிறுகிறுக்கும், குமட்டும். எல்லாருக்கும் இப்படி ஆகாது. ஆனால் ஒருக்களித்துப் படுத்தோ, முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்தோ அதே பயிற்சியைச் செய்யலாம் என்னும்போது மல்லாந்துதான் செய்வேன் என்று பிடிவாதம் பிடிப்பானேன்?

மூட்டுகள் தளர்ந்துவிடும், சுளுக்கும் என்ற பேச்சு கொஞ்சம் அதிகப்படி என்பது என் கருத்து. தசைநார்கள் தளர்வது உண்மை. ஆனால் அதனால் பயிற்சியில் அடிபடுவது பெரிதாகக் கூடியதாகத் தெரியவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது சமநிலை. உடலின் ஈர்ப்பு மையம் முன்னால் நகர்கிறது, இடுப்பு உட்பக்கம் வளைகிறது, ஏழாம் மாதத்தில் படி இறங்கும்போது தன் பாதமே கண்ணுக்குத் தெரியாது. விழக்கூடிய விளையாட்டுகளையும் வயிற்றில் இடிபடக்கூடிய விளையாட்டுகளையும் தள்ளிவைப்பது அதனால்தான். நீச்சல் இதற்கு நேர் எதிர்: தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்கிறது, அதன் அழுத்தம் கால் வீக்கத்தையும் குறைக்கிறது. ஆனால் ஆழ்கடல் முக்குளிப்பு கூடவே கூடாது. மேலே வரும்போது ரத்தத்தில் உண்டாகும் நுண்குமிழிகளைத் தாயின் நுரையீரல் வடிகட்டிவிடும். கருவின் ரத்தத்தில் பெரும்பகுதி நுரையீரல் பக்கமே போகாததால் குமிழி நேராக மூளைக்குப் போய்விடலாம்.

இத்தனை கவனம் எடுத்துச் செய்வதில் லாபம் என்ன? கர்ப்பத்தின் பின்பாதியில் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் தாயின் திசுக்களில் இன்சுலின் பேச்சு எடுபடாமல் செய்கின்றன. குழந்தைக்கு அதிகச் சர்க்கரை மிஞ்சட்டும் என்று. அது அளவு மீறினால் கர்ப்பகால நீரிழிவு. சுருங்கி விரியும் தசைக்கு இன்சுலின் தயவு தேவையில்லை. சர்க்கரையை உள்ளே விடும் புரதங்களைத் தானே செல்லின் சுவருக்குக் கொண்டுவந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தால் சர்க்கரை இறங்குவது இதனால்தான். 2018-ல் வெளியான கனடா ஆய்வாளர்களின் தொகுப்பாய்வு, பயிற்சி செய்தவர்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வரும் வாய்ப்பு 38 சதவீதமும், ரத்த அழுத்தம் ஏறும் முன்சூல்வலிப்பு வரும் வாய்ப்பு 41 சதவீதமும் குறைந்ததாகக் கணக்கிட்டது. கருச்சிதைவோ குறைப்பிரசவமோ கூடவில்லை. ஆரம்பக் கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை குரோமோசோம் கோளாறால் நேர்பவை. அன்று மாடி ஏறியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 நிமிட மிதமான பயிற்சி. இதுவரை எதுவும் செய்யாதவர் பத்து நிமிட நடையில் தொடங்கலாம். மசக்கை வாட்டும் நாட்களில் விட்டுவிடலாம், குற்றவுணர்வு வேண்டாம்.

சிலருக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. கருப்பை வாய் பலவீனம், விடாத ரத்தக்கசிவு, ஏழாம் மாதத்திலும் நஞ்சுக்கொடி குழந்தை வெளிவரும் வழியை மறைத்திருப்பது, முன்சூல்வலிப்பு, தீவிர இதய அல்லது நுரையீரல் நோய், கடுமையான ரத்தசோகை, இந்தக் கர்ப்பத்தில் முன்கூட்டியே வலி கண்டது ஆகியவை இருந்தால் மருத்துவர் சொல்வதே முடிவு. "ரெஸ்ட் எடுங்க" என்று அவர் சொன்னால் பயிற்சி வேண்டாம் என்கிறாரா, படுக்கையை விட்டே எழக் கூடாது என்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் தன்மை ஏற்கெனவே கூடியிருப்பதால், படுத்தே கிடந்தால் கால் சிரைகளில் ரத்தம் கட்டும் ஆபத்து வேறு இருக்கிறது.

மற்றவர்கள் பயிற்சியை உடனே நிறுத்த வேண்டிய சமயங்கள்: ரத்தம் படுவது, பனிக்குட நீர் கசிவது, நெஞ்சுவலி, மயக்கம், கடுமையான தலைவலி, உழைக்கும் முன்பே மூச்சுத் திணறுவது, ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வலித்து வீங்குவது, விட்டுவிட்டுச் சீராக வரும் வயிற்று வலி. வேகமாக நடக்கும்போது வயிறு கெட்டியாகி, உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் இளகிவிட்டால் பெரும்பாலும் அது பொய்வலி. உட்கார்ந்த பிறகும் வலிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.