பேறுகால விடுப்பு எடுத்தால் பதவி உயர்வு தள்ளிப்போகுமா? யுஜிசி விதி சொல்வது இதுதான்

"ஆறு மாசம் லீவுல இருந்தீங்க, இந்த வருஷத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது?" பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியைகளிடம் இப்படிக் கேட்டால், அதற்கான பதில் பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யுஜிசியின், 2018 விதிமுறைகளிலேயே இருக்கிறது.

பணி மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது சிஏஎஸ்-இல், ஒதுக்கிய வகுப்புகளில் எத்தனை எடுத்தீர்கள் என்று ஆண்டுதோறும் பார்ப்பார்கள். 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 'நன்று'. 70-க்குக் கீழே போனால் 'திருப்தி இல்லை'. முனைவர் பட்டம் பெற்ற உதவிப் பேராசிரியர் 4 ஆண்டுகளில் அடுத்த நிலைக்குப் போகலாம். அதில் குறைந்தது 3 ஆண்டுகளாவது திருப்திகரமாக இருக்க வேண்டும். இரண்டு பிரசவங்கள் இந்தக் காலத்துக்குள் வந்துவிட்டால் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகக் கூடாது. பேறுகால விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு ஆகிய நாட்களை மதிப்பீட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும், மீதிக் காலத்தில் வாங்கிய தரத்தையே முழுக் காலத்துக்கும் விரித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. ஆண்டுக்கு 400 வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். பணியில் இருந்த பாதி ஆண்டில் 200-க்கு 190 எடுத்திருக்கிறார். முழு ஆண்டோடு வகுத்தால் 47.5 சதவீதம்; விதிப்படி வகுத்தால் 95. ஒரு பெண்ணின் பதவி உயர்வு எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்பதில் தொங்குகிறது! அதனால் மதிப்பீட்டுப் படிவத்தில் விடுப்புக் காலத்தைத் தனியாகக் காட்டி, அனுமதி ஆணையின் நகலையும் இணைத்துவிடுங்கள். உரிய அதிகாரியின் அனுமதியோடு எடுத்த விடுப்புக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு. மாநிலக் கல்லூரி என்றால் மாநில அரசாணையையும் சேர்த்துப் பாருங்கள்.

பேறுகால விடுப்பு 180 நாள், பணிக்காலத்தில் இரண்டு முறை. குழந்தைப் பராமரிப்பு விடுப்பு மொத்தம் 2 ஆண்டு வரை.

சரி, இது எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறதா? இல்லை. புத்தாக்கப் பயிற்சி போன்ற நிபந்தனைகள் அப்படியே நிற்கின்றன. கைக்குழந்தையோடு இருப்பவர் அந்தப் பயிற்சிக்கு நாள் ஒதுக்குவது எவ்வளவு கடினம் என்பதை விதி யோசிக்கவே இல்லை. அது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆராய்ச்சி மாணவிகளுக்கு 2022 விதிமுறைகள் தனி. முனைவர் பட்டக் காலத்தில் 240 நாள் வரை பேறுகால, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு தரலாம். ஆய்வேட்டை முடிக்க பொதுவாக அதிகபட்சம் 8 ஆண்டு, பெண்களுக்கு 10. ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கான வயது வரம்பிலும் 5 ஆண்டு தளர்வு உண்டு.

கௌரவ விரிவுரையாளர்களுக்கோ சிஏஎஸ் என்பதே கிடையாது. வருடக்கணக்கில் அந்தப் பணியிலேயே இருக்கும் பெண்களை மேலே சொன்ன எந்தக் கணக்கும் தொடுவதில்லை.