சாறு இறக்குதல்: தேயிலையிலிருந்து காஃபீன் வரை

எக்ஸ்ட்ராக்‌ஷன் என்ற சொல்லின் வேர் லத்தீன்: 'எக்ஸ்' என்றால் வெளியே, 'ட்ராஹெரே' என்றால் இழு. ஒரு பொருளுக்குள் இருப்பதை வெளியே இழுப்பது. வேதியியலில் இழுக்கும் வேலையைச் செய்வது கரைப்பான்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைச் 'சாறு இறக்குதல்' என்கின்றன. இலங்கையில் 'கரைப்பான் பிரித்தெடுப்பு'. முதலாவதே மேல். பிரித்தெடுப்பு என்றால் வடிகட்டலும் அடங்கும், காய்ச்சி வடித்தலும் அடங்கும். இறக்குதல் அப்படியல்ல. 'டிகாக்‌ஷன் இறங்கிடுச்சா?' என்று வீட்டில் கேட்கிறோமே, அதே வினைதான் இது: தூளின் சத்து வெந்நீரில் இறங்குகிறது. வேடிக்கை என்னவென்றால், டிகாக்‌ஷன் என்பதற்கு லத்தீனில் 'கொதிக்கவைத்து எடுத்தது' என்று பொருள். ஃபில்டரில் காபித்தூள் கொதிப்பதே இல்லை. காஃபீன் எடுக்க ஆய்வகத்தில் தேயிலையைக் கொதிக்கவைக்கிறோமே, அதுதான் உண்மையான டிகாக்‌ஷன்.

காஃபீன் என்ற பெயர் காபியிலிருந்து வந்தது. 1819-இல் ருங்கே என்ற ஜெர்மானியர் அதைக் காபிக்கொட்டையிலிருந்து பிரித்தார். 1827-இல் தேயிலையிலிருந்து கிடைத்ததற்குத் 'தேயீன்' என்று தனிப்பெயர் வைத்தார்கள். இரண்டும் ஒன்றே என்பது 1838-இல் தெளிவானது. தேநீரில் இருப்பது வேறு பொருள் என்று இன்றும் சொல்வோர் உண்டு. அது தவறு.

காய்ந்த தேயிலையில் காஃபீன் எடைக்கு 2 முதல் 4 விழுக்காடு. 10 கிராம் தேயிலை, 100 மி.லி. நீர், 5 கிராம் நீரற்ற சோடியம் கார்பனேட் சேர்த்து 15 முதல் 20 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கொதிநீர் 100 மி.லி.க்குச் சுமார் 66 கிராம் காஃபீனைக் கரைக்கும். 25 டிகிரியில் 2 கிராம்தான். கார்பனேட் எதற்கு? நீரிலிருந்து காஃபீனைப் பிறகு டைகுளோரோமீத்தேன் என்ற கரைப்பானுக்கு மாற்றப்போகிறோம். துவர்ப்புத் தரும் டானின்களுக்கு அதிலும் ஓரளவு ஏறிக்கொள்ளும் குணம் உண்டு. காரத்தில் அவை சோடியம் உப்புகளாகி நீரிலேயே தங்கிவிடும். காரம் நல்லது என்று காஸ்டிக் சோடா போட்டால் காஃபீன் மூலக்கூறே சிதையத் தொடங்கும்.

துணியில் சூடாக வடிகட்டி, சக்கையைக் கொஞ்சம் வெந்நீரால் கழுவி, 100 மி.லி. ஆக்கிக்கொள்ளலாம். டஸ்ட் தேயிலை துணியில் நிற்காது. தேநீர்ப் பைகளே வசதி. பிறகு 20 டிகிரிக்குக் கீழே குளிரவிட வேண்டும். டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில் கொதிப்பது. சூடான வடிநீரோடு பிரிபுனலில் (கலக்காத இரு திரவங்களைப் பிரிக்கும், மூடியும் அடியில் குழாயும் உள்ள புனல்) சேர்த்தால் மூடி தெறிக்கும்.

இரண்டாவது இறக்கம் இங்கே: நீரிலிருந்து டைகுளோரோமீத்தேனுக்கு. 60 மி.லி. கரைப்பானை ஒரே தடவையில் ஊற்றாமல் 20 மி.லி.யாக மூன்று தடவை ஊற்றுவது ஏன்? கணக்குக்காகப் பங்கீட்டுக் குணகம் 5 என்று வைத்துக்கொள்வோம், அதாவது கரைப்பானில் காஃபீனின் செறிவு நீரில் இருப்பதைப் போல் ஐந்து மடங்கு. ஒரே தடவை என்றால் நீரில் கால் பங்கு காஃபீன் மிஞ்சும். மூன்று தடவை என்றால் ஒவ்வொரு முறையும் பாதியாகி, எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

பலரும் சறுக்குவது குலுக்கலில். டானின் உப்புகள் சோப்பைப் போல் வேலை செய்பவை. வேகமாகக் குலுக்கினால் இரண்டு அடுக்குக்கும் நடுவே பழுப்பு நிறப் பால்மம் (ஒன்றில் ஒன்று சிறு துளிகளாகச் சிதறிய கலவை) உட்கார்ந்துகொள்ளும். ஒரு மணி நேரமானாலும் பிரியாது. புனலைத் தலைகீழாக்கி நிமிர்த்தி, மெதுவாகச் சுழற்றினாலே போதும். இடையிடையே குழாயைத் திறந்து ஆவியை விடவும். பால்மம் வந்துவிட்டால் ஒரு சிட்டிகை உப்பு போடலாம், அல்லது அந்த அடுக்கைக் கண்ணாடிப் பஞ்சின் வழியே வடிக்கலாம். கரைப்பான் அடுக்கு நீரைவிட அடர்த்தியானது (1.33), ஆகவே கீழே நிற்கும். அதை வடிக்குமுன் மேல்மூடியைக் கழற்ற மறந்தால் ஒரு சொட்டும் வராது. எத்தில் அசெட்டேட்டைப் பயன்படுத்தினால் அது மேலே மிதக்கும். அப்போது 'இறக்குதல்' என்ற சொல் கொஞ்சம் நெளியத்தான் செய்யும்.

சேர்த்த கரைசலில் நீரற்ற சோடியம் சல்ஃபேட்டைப் போட்டு, தூள் கட்டியாகாமல் ஓடும்வரை ஈரத்தை வாங்கவிட்டு வடிகட்டவும். பிறகு ஃப்யூம் ஹுட்டுக்குள் (ஆவியை வெளியே உறிஞ்சும் ஆய்வகப் பெட்டி) வெந்நீர்த் தொட்டியில் வைத்துக் கரைப்பானை ஓட்டிவிட்டால், பச்சையம் ஒட்டிய வெளிர்பச்சைத் தூள் மிஞ்சும். 100 மி.கி. கிடைத்தாலே நல்ல கை. 400 மி.கி.க்கு மேல் வந்தால் மகிழ வேண்டாம். கரைப்பான் இன்னும் போகவில்லை.

அடுத்து வருவது பதங்கமாதல். திண்மம் உருகாமலே ஆவியாகி, குளிர்ந்த பரப்பில் வெண்ணிற ஊசிகளாகப் படியும். காஃபீனுக்கு இது சுமார் 178 டிகிரியில் நடக்கும். இதையும் சேர்த்துச் 'சாறு இறக்குதல்' என்று எழுதுகிறார்கள். கூடாது, இது தூய்மையாக்கல். ஊசிகள் 235 முதல் 238 டிகிரிக்குள் உருகினால் பச்சையம் போய்விட்டது. அதற்குக் கீழே, இழுத்து இழுத்து உருகினால் இன்னொரு முறை பதங்கமாக்க வேண்டியதுதான்.