கண் பாதிப்புக்கு டிஸெபிலிட்டி பென்ஷன்: சதவீதத்தை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள்

"இருபது சதவீதம்தான் போட்டிருக்கிறார்கள் சார், அதை நாற்பதாக்கிக் கொடுங்கள்." கண் பாதிப்போடு ராணுவத்திலிருந்து வெளிவந்து, டிஸெபிலிட்டி பென்ஷன் (உடல் பாதிப்புக்கான ஓய்வூதியம்) கேட்பவர்கள் பலர் என்னிடம் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். மருத்துவக் குழு போட்ட பாதிப்பின் அளவைத்தான் சொல்கிறார்கள். இருபது இருந்தாலே போதும். பாதிப்புக்குப் பணியோடு தொடர்பு உண்டு என்று ஏற்கப்பட்டுவிட்டால், 50-க்குக் குறைவானதை 50 சதவீதமாகக் கணக்கிடலாம். பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் இது உண்டு என்று 2014-இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. இருபதுக்குக் கீழே போட்டிருந்தால்தான் சதவீதத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

மனு அடிபடுவது வேறிடத்தில். கிளாக்கோமா என்ற கண் நரம்பு நோயால் பார்வை குறைந்த ஒரு ஹவில்தாரின் ரிலீஸ் மெடிக்கல் போர்டு (பணியிலிருந்து விடுவிக்கும்போது பரிசோதிக்கும் மருத்துவக் குழு) அறிக்கையில், பணியால் வந்ததா என்ற கேள்விக்கு 'இல்லை', பணியால் மோசமானதா என்றதற்கும் 'இல்லை', காரணம் கேட்ட கட்டத்தில் 'உடற்கூறு சார்ந்தது' என்று மட்டும் இருந்தது. இத்தனை ஆண்டுப் பணிக்கு இவ்வளவுதான் பதில்! ஆனால் அந்தச் சுருக்கம்தான் நமக்குப் பிடி. சேரும்போது எழுதிய மருத்துவக் குறிப்பில் நோய் இல்லையென்றால், நல்ல உடல்நிலையில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும். அப்போது கண்டறிந்திருக்க முடியாத நோய் என்று போர்டு கருதினால் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்றது 2013-ஆம் ஆண்டின் தரம்வீர் சிங் தீர்ப்பு. அது வலிப்பு நோய் வழக்கு. கண்ணுக்கும் அந்த வாதம் செல்லும். அந்தத் தீர்ப்பு, இந்தப் பென்ஷனுக்கான தகுதியைச் சொல்லும் 1982 விதிகளை வைத்து எழுதப்பட்டது. 2008, 2023 விதிகளின் கீழ் வருபவர்களுக்கு இந்த அனுமானம் அவ்வளவு எளிதில் கைகொடுக்காது. பணிச்சூழலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆவணத்தால் காட்ட வேண்டும்.

ஆகவே சேர்ந்தபோது 6/6 (இயல்பான பார்வை) என்று பதிவான தாள், ஆண்டுப் பரிசோதனைகள், மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) குறைக்கப்பட்ட உத்தரவு ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். கிளாக்கோமா என்றால் பெரிமெட்ரி (பார்வைப் பரப்பை அளக்கும் பரிசோதனை) அறிக்கை கட்டாயம். எழுத்துப் பலகையை முழுதாகப் படித்துவிடுபவருக்கும் பக்கவாட்டுப் பார்வை போயிருக்கலாம். அந்தப் படத்தில் ஓரங்கள் கறுத்துக் கிடப்பதைப் பார்த்த பிறகு 6/6 என்ற எண்ணை மட்டும் காட்டி யாரும் வாதாட முடியாது. வெறும் கண்ணாடிப் பவர் ஏறியதற்கும் பிறவி நிறக்குருடுக்கும் வழக்குப் போட வேண்டாம் என்றே சொல்கிறேன்.

துறைக்குள்ளேயே செய்யும் இரண்டு மேல்முறையீடுகளும் நிராகரிக்கப்பட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்; சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. காலம் கடந்துவிட்டது என்று ஒதுங்க வேண்டாம். பென்ஷன் மாதந்தோறும் தொடரும் உரிமை என்பதால் தாமதம் பெரும்பாலும் மன்னிக்கப்படுகிறது. ஆனால் 2008-இல் வந்த தர்சேம் சிங் தீர்ப்பின்படி, நிலுவை பொதுவாக வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குத்தான்.