சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் எப்படி நம்புகிறது?

கண்காணிப்பு கேமராவில் பதிவாகும் இன்றைய கார் திருட்டு, திருட்டு மாதிரியே இருக்காது. நள்ளிரவில் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் தட்டையான ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலை ஒட்டி நிற்பார். இன்னொருவர் காரின் கதவுப் பக்கம். சில நொடிகளில் கதவு திறக்கும், எஞ்சின் உறுமும், வண்டி போயே போய்விடும். கண்ணாடி உடையாது, அலாரமும் அலறாது. சாவியோ வீட்டுக்குள் மேசை மேல் பத்திரமாகக் கிடக்கும்.

திருடர்களிடம் கள்ளச்சாவி கிடையாது. ரகசிய எண் எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவும் இல்லை. காருக்கும் சாவிக்கும் நடுவே தூது போனார்கள், அவ்வளவுதான்.

பையிலிருந்து சாவியை எடுக்காமலேயே திறக்கும் கார்களில், கைப்பிடியைத் தொட்டதும் கார் ஒரு மெல்லிய வானொலி அழைப்பை விடுகிறது. இதன் அலைவெண் சுமார் 125 கிலோஹெர்ட்ஸ். இந்த அலைவெண்ணில் அலைநீளம் 2,400 மீட்டர். ஆனால் கார் இங்கே பயன்படுத்துவது பரவிப் போகும் அலையை அல்ல, ஆன்டெனாவைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் காந்தப் புலத்தை. அதன் வலு தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். தூரம் இரட்டிப்பானால் வலு எட்டில் ஒரு பங்கு. அதனால் ஒன்றிரண்டு மீட்டருக்கு அப்பால் சாவியின் காதில் அது விழாது. விழுந்தால் சாவி விழித்துக்கொண்டு, 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். இந்தப் பதில் பல பத்து மீட்டர் தாண்டியும் கேட்கும்.

ஓட்டை எங்கே என்று இப்போது தெரிந்திருக்கும். கார் தூரத்தை அளக்கவே இல்லை. ‘நான் கூப்பிட்டது கேட்டது என்றால் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்’ என்று அனுமானிக்கிறது. அந்த மெல்லிய அழைப்பைக் காரருகே வாங்கி, வாசலருகே பெரிதாக்கி ஒலிபரப்பினால், உள்ளே கிடக்கும் சாவி ஒழுங்காகப் பதில் சொல்லிவிடும். பேச்சு எந்தக் குறியீட்டில் நடக்கிறது என்பது தூதுவருக்குப் புரிய வேண்டிய அவசியமே இல்லை. 2011-இல் சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களைச் சோதித்தார்கள். பத்தும் ஏமாந்தன.

இதைப் படித்துவிட்டு ‘பழைய இரும்புச் சாவியே மேல்’ என்று சொல்லத் தோன்றும். தோன்றலாம், ஆனால் சரியல்ல. இரும்புச் சாவிக் காலத்தில் ஸ்டீயரிங்குக்கு அடியில் கைவிட்டு, சரியான ஒயர்களை உரசினால் வண்டி கிளம்பிவிடும். அதற்கு முடிவு கட்டியது இம்மொபிலைசர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரி இல்லாத சிறு சில்லு ஒன்று இருக்கும். சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் அதற்கு மின்சாரத்தையும் ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பும். கேள்வி என்பது அந்த நொடியில் குலுக்கிப் போட்ட ஓர் எண். சில்லு தன்னிடமுள்ள ரகசிய எண்ணோடு அதைக் கலக்கி விடையைத் திருப்பி அனுப்பும். எஞ்சினை ஆளும் கணினி அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கும். விடை பொருந்தாவிட்டால் எஞ்சின் ஓடாது. ஒட்டுக்கேட்டும் பயனில்லை; அடுத்த முறை கேள்வி வேறு.

எளிய யோசனைதான், ஆனால் பலன் பெரிது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களில் இதைக் கட்டாயமாக்கியது. நெதர்லாந்தில் நடந்த பொருளாதார ஆய்வு ஒன்று, இந்தச் சாதனத்தால் கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைந்ததாகக் கணித்தது. அமெரிக்கா கட்டாயமாக்கவில்லை. அதன் விளைவு தாமதமாக வந்தது. 2015-ஆம் ஆண்டின் ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீத மாடல்களில் மட்டுமே இம்மொபிலைசர் இயல்பாகவே பொருத்தப்பட்டிருந்தது. மற்ற நிறுவனங்களில் 96 சதவீதம். 2021 வாக்கில் மில்வாக்கி நகரத்துப் பையன்கள் இதைக் கண்டுபிடித்து வீடியோவாகப் போட, நாடு முழுக்க அந்தக் கார்கள் காணாமல் போகத் தொடங்கின. சில்லறைச் செலவைப் பார்த்து வைக்காமல் விட்ட ஒரு சில்லு!

இம்மொபிலைசரும் குறையற்றது அல்ல. ஆரம்பகாலச் சில்லுகளில் ரகசிய எண்ணின் நீளம் வெறும் 40 பிட். ஒரு லட்சம் கோடிக்குக் கொஞ்சம் அதிகமான சாத்தியங்கள். மனிதருக்கு அது கடல், கணினிக்குக் கிணறு. 2005-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் ஆர்எஸ்ஏ என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வகத்தினரும் சேர்ந்து அந்தக் கிணற்றை வற்ற இறைத்துக் காட்டினார்கள். சரி, எண்ணை நீளமாக்கினால் இந்தச் சிக்கல் தீரும். தூதுபோகும் திருட்டு அப்படித் தீராது. எவ்வளவு கடினமான ரகசியமாக இருந்தாலும் அசல் சாவிதானே பதில் சொல்கிறது?

அதற்கான மருந்து இயற்பியலில் இருக்கிறது. ஒளியும் வானொலி அலையும் ஒரு நானோநொடியில் 30 சென்டிமீட்டர் போகும். அதைவிட வேகமாக எதையும் அனுப்ப முடியாது. கேள்வி போய் விடை வந்து சேர எடுத்த நேரத்தைத் துல்லியமாக அளந்தால் சாவி எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். நடுவில் புகும் தூதுவரால் நேரத்தைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. அல்ட்ரா வைட்பேண்ட் எனப்படும் மிகக் குறுகிய துடிப்புகளைப் பயன்படுத்தும் புதிய சாவிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. கார் முதன்முறையாகத் தூரத்தை உண்மையிலேயே அளக்கிறது. வேறு சில சாவிகளில் அசைவை உணரும் கருவி வைத்திருக்கிறார்கள். மேசையில் சில நிமிடங்கள் அசையாமல் கிடந்தால் சாவி தூங்கிவிடும், தூது வந்தாலும் எழுந்திருக்காது. கேட்க எளிமையாக இருந்தாலும் எனக்கு இது மிகவும் பிடித்த தீர்வு.

உங்கள் காரில் இவை இல்லையென்றால் உலோக இழை நெய்த உறையில் சாவியைப் போட்டு வைக்கலாம். 1836-இல் மைக்கேல் ஃபாரடே செய்து காட்டிய கடத்திக் கூண்டின் பேரன்தான் அந்த உறை. ஆனால் வாயை முழுக்க மூட வேண்டும், இழை நைந்துபோனால் வேறு வாங்க வேண்டும். வேலை செய்கிறதா என்று பார்க்க, உறையோடு சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு காரின் கைப்பிடியை இழுங்கள். திறந்தால் உறையைத் தூக்கிப் போடலாம். மாற்றுச் சாவியையும் மறக்காதீர்கள்; அலமாரிக்குள் கிடப்பதும் பதில் சொல்லும்.

அப்புறம் சாவியையே கண்டுகொள்ளாத திருட்டு ஒன்று உண்டு. காருக்குள் இருக்கும் பல சிறு கணினிகள் கேன் என்ற இரட்டை ஒயரில் பேசிக்கொள்கின்றன. பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு அது. யார் என்ன சொன்னாலும் எல்லோருக்கும் கேட்கும். சொன்னது யார் என்று எவரும் சரிபார்ப்பதில்லை. ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் பேச்சு என்று வடிவமைத்தவர்கள் நினைத்தார்கள். 2022-இல் லண்டனில் ஒரு வாகனப் பாதுகாப்பு ஆய்வாளரின் சொந்த டொயோட்டாவே திருடுபோனது. முகப்பு விளக்குப் பக்கம் பம்பரைப் பிரித்து அந்த ஒயரைத் தொட்டு, ‘சரியான சாவி வந்தாச்சு’ என்ற பொய்ச் செய்தியைச் செலுத்தியிருக்கிறார்கள் என்று பிறகு விளங்கியது. ஃபாரடே உறை இங்கே உதவாது. கண்ணுக்குத் தெரியும் இரும்பு ஸ்டீயரிங் பூட்டுதான் உதவும், ஏனென்றால் அதனிடம் பொய் சொல்ல முடியாது.

சரி, போன வண்டி திரும்பி வருமா? ஜிபிஎஸ் கருவியை நம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜிபிஎஸ் கேட்கும், பேசாது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் குரலைக் கேட்டுத் தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுகொள்ளும். அதை உங்களிடம் சொல்ல உள்ளே செல்பேசி இணைப்பு வேண்டும். நிலவறைப் பார்க்கிங்கிலோ இரும்பு கன்டெய்னருக்குள்ளோ இரண்டுமே தடைபடலாம். செயற்கைக்கோள் சமிக்ஞை மிக மெலிந்தது என்பதால் அதே அலைவெண்ணில் இரைச்சல் கிளப்பும் மலிவான ஜாமர் ஒன்றே அதை அமுக்கிவிடும்.

1986-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய லோஜாக் என்ற திருட்டுக் கார் தேடும் ஏற்பாடு வேறு வழியில் போனது. காருக்குள் ஒளித்துவைத்த சிறு கருவி, திருட்டுப் புகார் பதிவானதும் விழித்துக்கொண்டு 173 மெகாஹெர்ட்ஸ் அளவில் தானே கூவும். காவல் வண்டியின் ஆன்டெனாக்கள் கூவலின் திசையைப் பிடித்துக்கொண்டு போகும். இந்த அலைவெண் சுவரையும் ஓரளவு ஊடுருவும். காரின் மேல் எந்த அடையாளமும் ஒட்டாததால் எந்தக் காரில் அது இருக்கிறது என்று திருடனுக்குத் தெரியாது. இயன் ஏயர்ஸ், ஸ்டீவன் லெவிட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998-இல் இதை ஆராய்ந்து, கருவி பொருத்தாதவர்களுக்கும் பாதுகாப்பு கிடைத்ததைக் காட்டினார்கள். பொருத்தியவர் காசு போட்டார், பக்கத்து வீட்டுக்காரரும் பலன் அடைந்தார்.

கார் கிடைத்தாலும் அது யாருடையது என்று நிரூபிக்க வேண்டுமே. அதற்குத்தான் சேசிஸ் நம்பர். 1981 முதல் 17 எழுத்து, எண்களைக் கொண்ட வடிவம். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக்கூடிய ஐ, ஓ, கியூ எழுத்துகள் அதில் வராது. வட அமெரிக்காவில் ஒன்பதாவது இடம் சரிபார்ப்புக்கு. மற்ற எழுத்துகளுக்கு மதிப்புக் கொடுத்துப் பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்தால் வரும் மீதி அங்கே இருக்க வேண்டும்; மீதி 10 என்றால் எக்ஸ். மனம்போன போக்கில் ஒரு நம்பரைக் கற்பித்து அடித்தால் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே சிக்கிக்கொள்வார்கள்.

எண்ணை ராவி எடுத்துவிட்டால்? அப்போதும் உலோகம் மறப்பதில்லை. எண் பொறிக்க ஓங்கி அழுத்தும்போது பள்ளத்துக்குக் கீழேயுள்ள படிக அமைப்பும் நசுங்கிப்போகிறது. மேற்பரப்பை வழவழப்பாக்கினாலும் அந்த நசுங்கல் அடியில் தங்கியிருக்கும். தடயவியலார் அந்த இடத்தை மெருகேற்றி, தாமிரக் குளோரைடு கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் துடைப்பார்கள். நசுங்கிய பகுதி மற்ற இடத்தைவிட வேறு வேகத்தில் அரிபடும். கொஞ்சம் கொஞ்சமாக எண்கள் நிழல்போல எழுந்து வரும். அரிப்பு தொடர்ந்தால் மறுபடி மறைந்துவிடலாம் என்பதால், பக்கத்தில் ஒருவர் கேமராவோடு தயாராக நிற்பார்.